300 ரூபாய் பிளவுஸ்... யார் வைத்த விலை?

சலூனுக்குள் நுழைந்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல் தொங்கும். கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சின்னப் பையன்களுக்கு இவ்வளவு. பல ஊர்களில் அந்த அட்டையின் தலையில் முடிதிருத்துவோர் சங்கத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். விலை ஏறினால் ஊரோடு ஏறும். 'நீ மட்டும் ஏன் ஏத்திட்ட?' என்று யாரும் தனியாக ஒருவரைப் பிடித்துக் கேட்க முடியாது.

அதே தெருவில் நாலு வீடு தள்ளித் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அங்கே போய், "லைனிங் பிளவுஸ் எவ்வளவுக்கா?" என்று கேட்டால், பதில் உடனே வராது. கேட்பவர் எந்தத் தெரு, கையில் இருப்பது பட்டா காட்டனா, எதிர்வீட்டு மருமகளுக்குப் போன மாதம் எவ்வளவு சொன்னோம், மெயின் ரோட்டுக் கடையில் இப்போது என்ன வாங்குகிறார்கள்... இத்தனையும் மனதில் ஓடி முடிந்த பிறகுதான் ஒரு தொகை வரும். அதுவும் பெரும்பாலும், "நீங்க பார்த்துக் குடுங்க, 300 குடுங்க" என்று கொஞ்சம் தயங்கியே வரும்.

அந்த 300 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

கடை 400, வீடு 300

தையல் தெரிந்த ஒரு பெண்ணாவது இல்லாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. சுடிதாரை ரெடிமேட் குர்தியும் லெக்கிங்ஸும் எடுத்துக்கொண்ட பிறகும், பிளவுஸ் மட்டும் தெருத் தையல்காரரின் கையில் நிற்கிறது. ஒரு புடவைக்குள் இருக்கும் பிளவுஸ் பிட்டை இன்னொரு உடம்புக்கு ரெடிமேடாகத் தைத்துவிட முடியாதே. ஸ்ட்ரெட்ச் பிளவுஸ்கள் வந்து கொஞ்சம் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஆனால், கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இன்னும் குறைவுதான்.

இந்தத் தொழிலுக்குள் வருவதும் மற்ற தொழில்களைப்போல் கடினமில்லை. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு மெஷின் கொடுப்பதற்கென்றே சமூக நலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம், பல குடும்பங்களில் அடுப்பு எரிவதற்கு அந்த மெஷின் காரணம். மெஷின் வருவதற்கு முன் ஒரு பயிற்சியும் இருக்கும். கட்டிங், கழுத்து டிசைன், கை ஏற்றுவது, பட்டி வைப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். தைத்து முடித்த பிளவுஸுக்கு எவ்வளவு கேட்பது என்ற பாடம் மட்டும் பெரும்பாலான வகுப்புகளில் கிடையாது.

அதனால் புதிதாகத் தைக்க வருபவர், எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறார். கடையில் என்ன விலை என்று விசாரிக்கிறார். அதிலிருந்து 100 ரூபாயைக் கழிக்கிறார். கடையில் 400, ஆகவே, வீட்டில் 300.

கடைக்காரரின் 400 எப்படி வந்தது என்பதை உதாரணத்துக்கு ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் தொகைகள் மாறும். கணக்கின் போக்கு மாறாது. லைனிங் துணி, நூல், ஊக்கு எல்லாம் சேர்த்து ஒரு பிளவுஸுக்கு 75 ரூபாய். கடை வாடகை மாதம் 8,000. நாளைக்கு 4 பிளவுஸ், மாதம் 26 நாள் என்றால் 104 பிளவுஸ். வாடகையை அதில் வகுத்தால் ஒரு பிளவுஸ் தலையில் 77 ரூபாய் விழுகிறது. கட்டிங் கடைக்காரர் போட, தைப்பவர் இன்னொருவர். அவருக்குப் பீஸ் ரேட்டில் 120. ஆக 400-ல் மிஞ்சுவது 128. கரன்ட் பில், மெஷின் ரிப்பேர், கடைக்காரரின் சொந்தச் சம்பளம் எல்லாம் இந்த 128-க்குள்.

இப்போது வீட்டில் தைப்பவர். வாடகை எப்படியும் குடும்பம் கொடுப்பதுதான், அதைப் பிளவுஸ் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. கடைக்கு வணிகக் கட்டணத்தில் கரன்ட் பில் வரும்; வீட்டு இணைப்புக்கோ ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஆகவே, 300-ல் 75 போனால் 225 ரூபாய் கையில். கடைக்காரருக்கு 128, இவருக்கு 225! லாபம் போலத்தான் தெரிகிறது.

ஆனால், அந்த 225-க்கு என்னென்ன வேலை என்று பார்க்க வேண்டும். அளவு பிளவுஸை வாங்கி, 'கழுத்து இன்னும் ஒரு இன்ச் இறக்கம், கை முட்டிக்கு மேல' என்று பேசி முடிக்கவே கால் மணி நேரம். பிறகு லைனிங்கை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுவது, கட்டிங், தையல், கையால் ஹெம்மிங், ஊக்கு கட்டுவது. போட்டுப் பார்த்துவிட்டு, 'அக்குள்ல கொஞ்சம் பிடிக்குதுக்கா' என்று திரும்பி வந்தால் ஆல்டர். ஆல்டருக்குத் தனிக் காசு கிடையாது, கேட்டால் சண்டை. எல்லாம் சேர்த்து ஒரு பிளவுஸுக்கு 3.5 மணி நேரம் என்று வைத்தால், 225 ரூபாய் என்பது மணிக்கு 64 ரூபாய்.

வீட்டில் தைப்பவர் கடைக்காரரைத் திறமையாலோ வேகத்தாலோ தோற்கடிக்கவில்லை. தன் நேரத்துக்கும் தன் வீட்டின் ஒரு மூலைக்கும் விலை போடாமல் விட்டதால்தான் விலை குறைகிறது. இவருக்கு அடுத்து இன்னொரு பெண் அதே தெருவில் மெஷின் வாங்கிப்போட்டால், அவர் 300-லிருந்து 50-ஐக் கழிப்பார். தெருவின் விலையை யார் நிர்ணயிக்கிறார் என்று கேட்டால், தன் நேரத்தை மிகக் குறைவாக மதிக்கும் ஒருவர்தான் பெரும்பாலும் நிர்ணயிக்கிறார்.

எதிரே யாரும் இல்லை

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்படும் தொழில்களின் பட்டியலில் தையல் தொழிலும் இருக்கிறது. தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியமும் இருக்கிறது. ஆனால், குறைந்தபட்ச ஊதியம் என்பது முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியது. தானே முதலாளி, தானே தொழிலாளி என்று இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது? தனக்குத் தானே குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கவில்லை என்று புகார் கொடுக்க முடியுமா என்ன?

கோவை, திருப்பூர் பக்கம் விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்வது அடிக்கடி செய்தியில் வரும். அங்கே எதிர்ப்பக்கம் ஜவுளி உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். நடுவில் அதிகாரிகள் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். அரசின் இலவசச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களுக்கும், ஒரு சட்டைக்கு இவ்வளவு கூலி என்று அரசே நிர்ணயித்துக் கொடுக்கிறது. அது போதவில்லை என்றால், எங்கே மனு கொடுப்பது என்றாவது தெரியும்.

தெருவில் தைப்பவருக்கு எதிரே நிற்பது பக்கத்து வீட்டு அத்தை. குழந்தையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர உதவி செய்பவர். அவரிடம்தான், "அத்தை, இந்த மாசத்துல இருந்து 330" என்று சொல்ல வேண்டும்.

கடை வைத்திருக்கும் தையல்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கூலியை உயர்த்தி அட்டை போடும் ஊர்கள் உண்டு. (போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பதை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் ஏற்பதில்லை என்பது தனிக் கதை.) ஆனால், அந்த அட்டை வீட்டுக்குள் தைப்பவரின் சுவருக்கு வருவதில்லை. சங்கம் அவரை உறுப்பினராகப் பார்ப்பதைவிட, கடைகளின் வியாபாரத்தைக் கெடுப்பவராகப் பார்ப்பதுதான் அதிகம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 8,000 வாடகை கொடுப்பவருக்கு வயிற்றெரிச்சல் வராதா?

ஏறாத விலை, ஏறும் உதிரிகள்

தையல்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் படித்து வந்த வழி இல்லை. தெருவில் அடிபட்டுக் கற்றது.

எல்லோரும் விசாரிக்கிற விலை ஒன்றுதான்: 'லைனிங் பிளவுஸ் எவ்வளவு?' பேருந்து நிறுத்தத்தில், கோயில் வரிசையில், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒப்பிடப்படுவது அந்த ஒற்றை எண் மட்டுமே. அதனால் அதை அசைக்காமல் வைத்துவிடுகிறார்கள். பைப்பிங் வைத்தால் தனி. முதுகில் நாட் வைத்துக் குஞ்சம் தொங்கவிட்டால் தனி. போட் நெக், பேக் ஓப்பன், பிரின்சஸ் கட், பஃப் கை, பேட் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. 300 என்று கேட்டுவிட்டுப் போனவர், வாங்க வரும்போது 450 கொடுத்துவிட்டுப் போகிறார். பைப்பிங்குக்கு எதிர்த்தெருவில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒப்பிட முடியாத இடத்தில்தான் விலை கொஞ்சம் மூச்சு விடுகிறது.

புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதும் ஓரம் அடிப்பதும் இதற்கு நேர் எதிர். அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. ஆனாலும், அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் தையல்காரர்கள் குறைவு. காரணம் எளிது. ஃபால்ஸ் வைக்கப் புடவை வந்தால், கூடவே பிளவுஸ் பிட்டும் வரும்.

இந்த உதிரி விலைகளில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு நடிகை போட்ட பிளவுஸின் போட்டோவைக் காட்டி, 'இதே மாதிரி' என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தையல்காரரும் தலையாட்டிவிடுகிறார். தைத்து முடித்து 700 என்றதும் வாக்குவாதம். கொடுக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில், 'லைனிங் 300, பைப்பிங் 50, நெட் கை 100, நாட் 50' என்று எழுதித் துணியோடு குத்திக் கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கூட்டினால் 500. வாடிக்கையாளருக்கு அது அதிகமாகத் தெரிந்தால், நெட் கையை விட்டுவிடலாம்; 400-ல் முடியும். தையல்காரர் விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தார். பேரம் பேச வருபவருக்கு இதைவிட மரியாதையான பதில் கிடையாது.

6 பேர் போனால் என்ன ஆகும்?

விலை ஏற்றுவதற்குத் தடையாக நிற்பது ஒரு பயம்தான். 'ஏத்தினா ஆள் போயிடும்.' போவார்கள், உண்மைதான். எத்தனை பேர் போனால் நஷ்டம் என்று மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

மேலே சொன்ன அதே வீட்டுத் தையல்காரர் மாதம் 50 பிளவுஸ் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 225 ரூபாய் வீதம் 11,250. விலையை 330 ஆக்குகிறார். துணிச் செலவு அதேதான், கூடுதலான 30 ரூபாயும் முழுதாக அவருக்கே. ஒரு பிளவுஸுக்கு 255. இதனால் 6 பேர் வேறு இடம் போய்விட்டார்கள். 44 பிளவுஸ்தான் வந்தது. 44 பெருக்கல் 255, 11,220. வருமானத்தில் குறைந்தது வெறும் 30 ரூபாய். ஆனால், 6 பிளவுஸ் தைக்காமல் மிச்சமானது 21 மணி நேரம்.

திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். புதிதாக வந்தவரைப் பார்த்துப் பயந்து விலையை 270 ஆக்குகிறார். ஒரு பிளவுஸுக்கு 195. பழைய 11,250 கைக்கு வர வேண்டுமென்றால் 58 பிளவுஸ் தைக்க வேண்டும். கூடுதலாக 8 பிளவுஸ், 28 மணி நேரம். அந்த நேரம் பகலில் கிடைக்காது. சமையல் முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரியில் எடுப்பதுதான். 30 ரூபாய்க் குறைப்பு வருமானத்தில் உடனே தெரிவதில்லை, இடுப்பு வலியில்தான் தெரியும்.

காகிதத்தில் இவ்வளவு சுலபமான கணக்கு, தெருவில் ஏன் சுலபமாக இல்லை? போகிற 6 பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை என்பதுதான் காரணம். ஆறில் ஒருவர், அடுத்த தையில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவராக இருக்கலாம். அவர் போனால் ஒரு பிளவுஸ் போகாது. முகூர்த்தம், ரிசப்ஷன், நாத்தனார், சித்தி என்று இருபது பிளவுஸ் போகும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் விலையை ஏற்றுவதில்லை. புதிதாக வருபவருக்குப் புது விலை. பழைய வாடிக்கைக்கு அடுத்த தீபாவளியில் இருந்து. ஒரே தெருவில் ஒரே பிளவுஸுக்கு இரண்டு விலை இருப்பது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால், 5 வருடமாக வருபவரின் அளவு கைக்குப் பழகியது, ஆல்டர் வராது. புதியவருக்கு ஆகும் நேரம் அவருக்கு ஆகாது. விலையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த நேரத்தின் வித்தியாசமே.

மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும். தீபாவளிக்கு முன் மூன்று வாரமோ ராத்திரி 1 மணி வரை ஓடும். ஆடியில் விலையைக் குறைத்தால் ஆள் வரலாம். ஆனால், அந்த விலை ஐப்பசியிலும் நினைவில் நிற்கும். 'ஆடில 250-க்குத் தச்சீங்களே!' அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆடியில் விலையைத் தொடுவதில்லை, '3 பிளவுஸ் குடுத்தா ஒரு புடவைக்கு ஃபால்ஸ் இலவசம்' என்கிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் விலை ஏற்றுவதற்குப் பதில் தேதியை விற்கிறார்கள். 10 நாளில் வேண்டுமா, வழக்கமான விலை. நாளை மறுநாள் வேண்டுமா, அவசர வேலைக்குத் தனியாக 100.

பட்டுத் துணியில் கத்தரி

இதுவரை சொன்ன எந்தக் கணக்கிலும் சேராத செலவு ஒன்று இருக்கிறது. 15,000 ரூபாய் காஞ்சிப் பட்டின் பிளவுஸ் பிட் மேசைமேல் விரிக்கப்படுகிறது. ஜரிகைப் பார்டர் இரண்டு கைக்கும் சரியாக வர வேண்டும். கத்தரி ஒரு இன்ச் தவறினால் அந்தப் பிட்டுக்கு மாற்று கிடையாது. அதே நிறம், அதே ஜரிகை தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். கிடைக்காவிட்டால், ஏதோ ஒரு கான்ட்ராஸ்ட் துணியைத் தன் காசில் வாங்கிக் கொடுத்து, கூடவே பேச்சும் வாங்க வேண்டும்.

ஆனாலும், காட்டன் பிளவுஸுக்கும் பட்டு பிளவுஸுக்கும் ஒரே விலை வாங்கும் வீட்டுத் தையல்காரர்கள் எத்தனையோ பேர். 'ரெண்டும் லைனிங்தானே' என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பொட்டிக் நடத்துபவர்கள் இதில் தெளிவு. பட்டு என்றால் விலை ஆரம்பிப்பதே வேறு இடத்தில். ஏசி, கண்ணாடிக் கதவுக்கான காசு மட்டும் அல்ல அது. அந்தப் பிட்டைத் தைரியமாக வெட்டும் கைக்கான காசும்கூட. கைத் தொழிலில் தவறுக்கான செலவை விலையில் சேர்க்காதவர், அந்தச் செலவு வரும் நாளில் பத்துப் பிளவுஸின் வருமானத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிற்பார்.

அட்வான்ஸ் விஷயமும் இப்படித்தான். லைனிங் துணி தையல்காரரின் காசில் வாங்கப்படுகிறது. தைத்து மாட்டிய பிளவுஸை 2 மாதமாக வந்து வாங்காதவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு. 10 பிளவுஸ் அப்படித் தொங்கினால் 750 ரூபாய் பொருளும் 30 மணி நேரத்துக்கு மேலான உழைப்பும் ஹேங்கரில் தொங்குகிறது என்று அர்த்தம். 'லைனிங்குக்கு மட்டும் 100 குடுத்துட்டுப் போங்க' என்று கேட்க ஆரம்பித்தாலே, பாதிப் பேர் சொன்ன தேதிக்கு வந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் கீழே இன்னொரு விலை இருக்கிறது. வேலை அதிகமாகும்போது தையல்காரர்கள் ஹெம்மிங்கையும் ஊக்கு கட்டுவதையும் வெளியே கொடுக்கிறார்கள். மதியம் டிவி பார்த்துக்கொண்டே அந்த வேலையைச் செய்து தரும் ஒரு பாட்டியோ, கல்லூரி விட்டு வந்த பெண்ணோ அதே தெருவில் இருப்பார்கள். ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று கை வேலைக்குக் கூலி. பிளவுஸ் விலை ஏறாதவரை அதுவும் ஏறாது. பிளவுஸ் 300-லிருந்து 330 ஆகும் மாதத்தில், ஊக்கு கட்டும் பாட்டிக்கு எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்யப்போவது, 'நீங்க பார்த்துக் குடுங்க' என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த அதே தையல்காரர்தான். பாட்டியும் கேட்க மாட்டார். அவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்.